அணையாத வெளிச்சமும் நீ விட்ட கேட்சும்

உன் அலமாரியை ஒழிக்கும்போது கூலிங் கிளாஸ் கிடைத்தது. நான் வாங்கித் தந்ததுதான். அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்கூட நீ உரிக்கவில்லை. இறந்துபோன தம்பியின் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு வந்தது.

சின்ன வயதில் உன்னோடு வெளியே போவதே பெரும்பாடு. இருட்டான கடையிலிருந்து வெயிலுக்கு வந்ததும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பாய். "ஏண்டா நிக்கறே?" என்றால், "ஒண்ணுமே தெரியலக்கா, இரு" என்பாய். நான்தான் உன் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போவேன். அம்மா உன்னைக் கரியாஹாட் கடைத்தெருவில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். பலகையில் இருந்த எழுத்தையெல்லாம் கடகடவென்று படித்துவிட்டாய். "சோக் டீக் ஆச்சே" என்று வங்காளத்தில் சொல்லி, கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் உனக்குப் பெயர் நடிகன்.

தலை நரைத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. புது டாக்டரம்மா உன் கண்ணில் பளிச்சென்று ஒளியைப் பாய்ச்சினார். திரையில் கோடு எழும்பியது. உடனே இன்னொரு முறை பாய்ச்சினார். கோடு அசையவே இல்லை. வெளிச்சம் பட்டதும் விழித்திரையின் செல் மூளைக்குச் சேதி அனுப்புமாம். அனுப்பியதும் சட்டென்று அதை அணைத்துவிட வேண்டுமாம். அப்போதுதான் அடுத்ததைப் பார்க்க முடியும். உனக்கு அணைக்கிற புரதம் பிறவியிலேயே சரியில்லை. வேகமாக வரும் பொருள் கண்ணுக்குப் பிடிபடாது என்றும், வெயிலில் கூலிங் கிளாஸ் போட வேண்டும் என்றும் சொன்னார்.

நீ கலங்குவாய் என்று நினைத்தேன். நீயோ, "புபாய்தா வீட்டுக்குப் போகணும்" என்றாய். புபாய் அண்ணன்தான் பாலிகஞ்சில் நம் தெரு கிரிக்கெட் அணியின் பழைய கேப்டன். கடைசி ஆட்டத்தில் கேட்ச் விட்டதற்காக உன்னை நீக்கியவர்.

"அவருக்கு அதெல்லாம் ஞாபகமிருக்குமாடா?"

"எனக்கு இருக்கே."

அவருக்கும் இருந்தது. உட்கார்ந்ததும் உட்காராததுமாக நீ விழித்திரை, புரதம் என்று வகுப்பெடுக்க ஆரம்பித்தாய். எனக்கு மானமே போயிற்று. அவர் நாற்காலியை உன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு வங்காளத்தில் மெல்லச் சொன்னார்: "நீ பந்துக்குப் பயந்துட்டேன்னு நினைச்சேன். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன்." உன் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் நீ அழுதாய்.

படியிறங்கும்போது, "வெயில்டா, கூலிங் கிளாஸைப் போட்டுக்கோ" என்றேன்.

"இனிமே எதுக்குக்கா? அதான் எல்லாருக்கும் தெரிஞ்சாச்சே!"

இப்படிப் பேசுகிறவனை என்ன செய்வது? அந்தக் குளிர்காலத்திலேயே காய்ச்சல் நெஞ்சில் இறங்கிப் போய்ச்சேர்ந்தாய். டாக்டரிடம் போ என்று அதற்கும் நான்தான் கத்திக்கொண்டிருந்தேன்.

போன வாரம் மெட்ரோ படியேறி வெயிலுக்கு வந்தேன். என் கை தானாக நீண்டு, பக்கத்தில் வந்த யாரோ ஒரு அம்மாவின் முழங்கையைப் பிடித்துவிட்டது. அவர் பயந்துபோனார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, வீடு வரை உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.