உன் தாய்மாமனுக்குச் சாத்திய கதவு

உன் மார்பில் இருப்பது புற்றுக்கட்டி என்று உறுதியான பிறகும், ஊரில் பரவும் காய்ச்சல் அடங்கட்டும் என்று அறுவைக்கு நாள் குறிக்காமல் உன்னைத் திருப்பி அனுப்பியது தவறு. ஆஸ்பத்திரியில் அன்றே சொன்னேன். நீ போய்விட்ட பிறகும் அதையேதான் சொல்கிறேன்.

இன்று விருத்தாசலம் ஜங்ஷனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நீலகிரித் தைலம் தடவிக்கொண்டார். அந்த வாசனையோடு ஃப்ளூ காய்ச்சல் வருஷம் திரும்பி வந்துவிட்டது. ஊரே இருமிக்கொண்டிருந்தது. உன் கட்டிக்கு மட்டும் காத்திருக்கத் தெரியவில்லை.

மூன்று நாள் சர்ஜன் அம்மாவின் அறை வாசலில் உட்கார்ந்தேன். அறுத்த உடம்பில் இந்தக் காய்ச்சல் நுரையீரலுக்கு இறங்கினால் பிழைப்பது கஷ்டம் என்றார். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். நான் வேலை பார்த்த பீங்கான் தொழிற்சாலையில் தெரிந்துகொண்டதை அவரிடம் சொன்னேன். வெள்ளைச் சாமான் செய்யும் கொட்டகைக்குள், கறை விழும் என்று செம்மண் தூசி ஒட்டிய ஆளை விடமாட்டோம். வாசல் வேறு, ஆள் வேறு. தூசிக்குப் பயந்து சூளையை அணைப்பதில்லை. அவர் யோசித்தார். இரண்டு வாரம் யாரையும் அண்டவிடாமல், இருமல் காய்ச்சல் இல்லாமல் கூட்டிவந்தால் செய்கிறேன் என்றார். தனி அறையும், காய்ச்சல் வார்டுக்குப் போகாத நர்ஸுகளும் அவருடைய ஏற்பாடு.

நோயாளியை நேரில் பார்க்காவிட்டால் நம் சனத்துக்குச் சோறு இறங்காது. பன்னிரண்டாம் நாள் பெண்ணாடத்திலிருந்து உன் தாய்மாமன் வாழைத்தாரோடு வந்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. நான் கதவைச் சாத்திவிட்டு முன்னால் நின்றேன்.

"எங்க வூட்டுப் பொண்ணப் பாக்க எனக்கே கதவச் சாத்துறீங்களா மாப்ள?"

"ஆமாங்க மாமா. ஆபரேஷன் முடியட்டும், வாங்க."

தாரை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். உள்ளேயிருந்து நீ சொன்னாய்: "மாமாதான் வரக்கூடாது. தாரு கூடவாங்க வரக்கூடாது?" அதையும் மாட்டுக்குப் போட்டேன்.

மறுநாளே அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். எழுந்த பிறகும் என்னை மன்னிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. உனக்கு மூன்று மணி நேரம் அறுவை நடந்தது. அதன்பின் ஒரு நாளும் உடம்பு சுடவில்லை. எட்டு வருஷம் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு இருந்தாய்.

அந்தப் பிடிவாதத்தை நான் இன்னும் விடவில்லை. இப்படி ஒரு காய்ச்சல் மறுபடி வரும். அப்போது ஆஸ்பத்திரியை நடத்துகிறவர்கள் புற்று நோயாளிக்குத் தனி வாசல் திறக்க வேண்டும். சர்ஜன் நாள் குறித்துத் தர வேண்டும். ஒரே நர்ஸ் இரண்டு பக்கமும் ஓடாமல் மேட்ரன் பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர்கள் குணமான பிறகு வர வேண்டும். புருஷன் கெட்ட பேர் வாங்கிக்கொள்ள வேண்டும்.