சிவப்பு மையில் ரெண்டு அங்குலம்

இயேசு மரி சூசை துணை

மதுரை, காளவாசல் ரோடு
1938 மே 19

என் வண்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். பினாங்கில் புருஷன் பிள்ளையோடு இருக்கிறவளை இன்னும் வண்டு என்று கூப்பிடலாமா என்று கேட்காதே, தொட்டிலிலேயே ஓயாமல் ரீங்காரம் போட்டவள் நீ, அப்பா வைத்த பேர், மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் பேனாவைத் தொடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. இங்கே நான் சுகம். முழங்கால் வலி மட்டும் விடாமல் கூட இருக்கிறது, வீட்டில் வேறு ஆள் இல்லாததால் அதுவாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்பாவுக்கு வருஷப் பூசை போன வாரம் பதினொன்றாம் தேதி நல்லபடியாக நடந்தது. கோவிலில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், வீட்டுக்கு வந்து அவர் குடையைப் பார்த்ததும் முடியவில்லை. அதை விடு. இந்தக் கடிதம் அழுவதற்காக எழுதவில்லை, நம் வீட்டுக்கு மெட்ராஸிலிருந்து ஆபீசர் வந்த கதையைச் சொல்ல எழுதுகிறேன்.

அப்பா பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திய காலத்தில் கொல்லையில் நட்டு வைத்த மழைக் குப்பியும் அதன் மேல் புனலும் அதே இடத்தில்தான் நிற்கின்றன. காலை எட்டு மணிக்குக் குப்பியில் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்து நோட்டில் எழுதுவதும் நிற்கவில்லை. அப்பா போன பிறகு அவர் சிநேகிதர் ஹாலாஸ்யம் ஐயர் வந்து எழுதுகிறார், அவர் ஊரில் இல்லாத நாளில் நானே எழுதிவிடுகிறேன், மூன்றாம் வகுப்புப் படிப்புக்கு அந்தக் கணக்கு வந்துவிடுகிறது. சாயங்காலமானால் பழையபடி மாடியில் இடி மழைக் கூட்டம் கூடுகிறது. ஐயர் காற்றழுத்தம் காட்டும் அந்தப் பாரோமீட்டரைத் துணிப்பையில் வைத்துப் பச்சைப்பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு வருவார், கூடவே அவர் கூஜாவும் வரும், நம் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். அப்பாவோடு வாத்தியார் வேலை பார்த்த சவரியப்பன் மாமாவும் வந்துவிடுவார். கீழே ரோட்டில் செங்கல் அறுக்கிற மொக்கையன் நிற்பான். அவனுக்கு இது விளையாட்டு இல்லை. சூளையில் வைக்காத பச்சைக்கல் ஆயிரக்கணக்கில் வெயிலில் காய்கிறது, ஒரு கோடை மழை அடித்தால் அத்தனையும் கூழ்.

மின்னல் வெட்டியதும் இடி கேட்கிற வரைக்கும் எண்ணி எத்தனை மைல் தூரம் என்று சொல்லவேண்டும், அதுதான் கூட்டத்தின் பெரிய வேலை. ஐயர் ஒண்ணு ரெண்டு என்று எண்ணுவார். மாமா மரியே வாழ்க செபம் சொல்லி எண்ணுவார், ஒரு செபத்துக்கு இத்தனை மைல் என்று அவரே ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஆனால் பயந்தால் அவருக்குச் செபம் குதிரை வேகத்தில் ஓடும், அதனால் இடி கிட்ட வர வர அவர் கணக்கில் மழை தூரத் தூரப் போகும். நாகமலைக்கு மேலே நிற்கிற மேகத்தை அவர் சோழவந்தானுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடுவார். மொக்கையன் கீழே நின்று, சாமி, ரெண்டு பேரும் ஒரு ஊரைச் சொல்லுங்க, நான் கல்லை மூடவா வேண்டாமா என்று கத்துவான்.

போன மாசம் நடந்த கூத்தைக் கேள். சர்க்கார் எச்சரிக்கைத் தந்தி வந்தால் தாலுகா கச்சேரிச் சுவரில் ஒட்டுவார்கள், ஐயர் போய்ப் பார்த்து எழுதி வருவார். அன்றைக்கு வேர்க்க விறுவிறுக்க வந்து, கடுங்காத்து, இடி, ரெண்டு நாளைக்கு ஜாக்கிரதைன்னு போட்டிருக்கான் என்றார். மொக்கையன் பனையோலைத் தடுக்கு அத்தனையும் போட்டு மூடினான், நான் வத்தலை உள்ளே எடுத்தேன், மாமா கன்றுக்குட்டியைக் கூடத்தில் கட்டினார். ரெண்டு நாளும் வெயில் மண்டையைப் பிளந்தது. மூடின கல் புழுங்கி வெடித்துவிட்டது என்று மொக்கையன் சண்டைக்கு வந்தான். அப்புறம் பார்த்தால், அந்தக் காகிதத்தில் பாதிதான் ஐயர் படித்தது. கீழ்ப்பாதியைப் பசைக்கு ஆசைப்பட்டு ஒரு வெள்ளாடு தின்றுவிட்டிருக்கிறது. எச்சரிக்கை மலையாளக் கரைக்கு என்பது ஆட்டின் வயிற்றில் இருந்திருக்கிறது. மீதியை ஐயர் மனசாலேயே பூர்த்தி செய்துகொண்டார். அன்றிலிருந்து மொக்கையன் மாடியைப் பார்ப்பதே இல்லை, என்னைத்தான் பார்க்கிறான். வாத்தியாரம்மா வத்தலை எடுத்தா நான் கல்லை மூடுறேன், சாமிமார் பேசிக்கிட்டு இருக்கட்டும் என்கிறான்.

இப்போது ஆபீசர் கதை. ஐயர் யாரையும் கேட்காமல் மெட்ராஸுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறார், எங்களிடம் பத்து வருஷத்து இடி மழைக் கணக்கு இருக்கிறது, வந்து பாருங்கள் என்று. ஒருவர் வந்து நோட்டைப் பார்ப்பார், சரியாக இருந்தால் சர்க்கார் புத்தகத்தில் ஞானமுத்து வாத்தியார் கணக்கு என்று அப்பா பேரைப் போட்டே அச்சிடலாம் என்று பதில் வந்துவிட்டது. ஐயருக்குக் கால் தரையில் இல்லை. நானோ நோட்டைத் திறந்து ஒரே ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடிவைத்தேன். ஏன் என்று உனக்கும் சொல்கிறேன், இந்த ஆபீசர் வருகிற வரைக்கும் ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் மே பதினொன்றாம் தேதிக்கு நேரே அந்த நோட்டில் சிவப்பு மையில் ரெண்டு அங்குலம் என்று இருக்கிறது. அப்பா போன நாள். பத்து வருஷத்தில் அவ்வளவு மழை ஒரு நாளிலும் இல்லை. அடக்கம் முடிந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு ஐயர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, ஞானமுத்து இல்லைன்னு கணக்கு நிக்கப்படாது என்று சொல்லி, குப்பியை அளந்து, சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போனார். அந்தத் தண்ணீர் மழை இல்லையடி. அப்பாவைக் குளிப்பாட்டக் கொல்லையில் பெஞ்சு போட்டது அந்தப் புனலுக்குப் பக்கத்தில்தான், வேறு இடம் ஏது. தண்ணீர் ஊற்றியவர் சவரியப்பன் மாமா. கண்ணில் நீர் மறைக்கக் குடத்தோடு கவிழ்த்தார், பாதி அப்பா மேல், பாதி புனலுக்குள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்வதற்குள் ஐயர், எல்லாரும் அழுது அசந்து தூங்கின ராத்திரியில் பெய்திருக்கும் என்று அவரே முடிவுகட்டி, ஊரெல்லாம், ஞானமுத்து போன அன்னிக்கு ரெண்டு அங்குலம் கொட்டித்து என்று சொல்லியாகிவிட்டது. ஊற்றின மாமாவே வானம் அழுதது என்று இரங்கற்பா எழுதிக் கறுப்புக் கரை போட்ட கார்டில் ஐந்நூறு அச்சடித்துவிட்டார். அதற்கப்புறம் நான் எந்த வாயால் சொல்வேன். ஆனால் அப்பா ஒரு துளியைக் கூட்டியும் எழுதமாட்டார், குறைத்தும் எழுதமாட்டார் என்று உனக்குத் தெரியும். அவர் பேரில் அச்சாகிற கணக்கில் குளிப்பாட்டின தண்ணீர் மழையாகப் போவதா? சொன்னால், ஒரு வரி பொய் என்றால் மற்றது மட்டும் மெய்யா என்று நோட்டையே தள்ளிவிட்டால்? ஒரு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் ஆபீசர் வந்தார். சின்ன வயசு, தொப்பி, சட்டைப் பையில் மூன்று பென்சில். குப்பியைச் சுற்றிச் சுற்றி வந்தார், மாடியில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார், சிவப்பு மையில் வந்து நின்றுவிட்டார். தாலுகா கணக்கில் அன்றைக்குச் சைபர், இங்கே மட்டும் எப்படி ரெண்டு அங்குலம் என்றார். ஐயர் எழுந்து நின்று, கோடை மழை அப்படித்தான் சார், இந்தத் தெருவில் பெய்யும் அந்தத் தெருவில் காயும் என்றார். மாமா சும்மா இருந்திருக்கலாம், பையிலிருந்து இரங்கற்பாக் கார்டை எடுத்துச் சாட்சிக்கு நீட்டிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துச் சூளைப்புகை என் அடுப்படிக்குள் வந்தது. எப்போதும் நேரே மேலே போகிற புகை, படுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தால் மழைதான், அது எனக்குப் பழக்கம். வத்தலை எடுக்க மாடிக்குப் போனேன். ஐயர் பாரோமீட்டரை ரெண்டு தட்டுத் தட்டி, முள் அசையவே இல்லை ஆரோக்கியம்மா, எதுக்கு வீண் சிரமம் என்று சிரித்தார். கீழே மொக்கையன், அம்மா எடுத்துட்டாகடா, மூடுங்கடா என்று சூளையைப் பார்த்து ஓடினான். ஆபீசர் பென்சிலை வைத்துவிட்டு, உங்களுக்கு எப்படியம்மா தெரிகிறது என்று கேட்டார். என்னிடம் ஒருவர் ஒரு கேள்வி கேட்டு ரொம்ப நாளாயிற்று வண்டு. வத்தல் முறம் கையில் இருக்க, அதை அப்புறம் சொல்றேன் ஐயா, அந்தச் சிவப்பு மை மழை இல்லீங்க, எங்க வீட்டுக்காரரைக் குளிப்பாட்டின தண்ணி என்று சொல்லிவிட்டேன்.

மாமா கார்டைப் பார்க்கிறார், ஐயர் என்னைப் பார்க்கிறார். பளீர் என்று மின்னல். அவ்வளவுதான், மூன்று பேரும் என்னை மறந்துவிட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்கள், ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், ஐயர் ஒண்ணு என்பதற்குள் இடி தலைமேல் விழுந்தது. மாமா அதற்குள் நாலு மரியே வாழ்க முடித்திருந்தார், அவர் கணக்கில் அது திண்டுக்கல்லில். அப்புறம் காற்று, கல்மழை. ஆபீசர் தொப்பி பறந்து மொக்கையனின் மண்குழியில் விழுந்தது. எல்லாரும் உருண்டு புரண்டு என் அடுப்படிக்குள் வந்து நின்றார்கள். நடுங்குகிறார்களே என்று சுக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஐயர் பாதி குடித்த பிறகுதான் கூஜா மாடியில் இருப்பது அவருக்கு நினைவு வந்தது. டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீதியையும் குடித்துவிட்டார்.

ஆபீசர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, சொந்த வீட்டுக்காரர் கணக்கிலேயே தப்பைக் காட்டுகிறவர் வீட்டில் மற்றப் பக்கங்களை நான் நம்புகிறேன் அம்மா என்றார். நோட்டுக் கணக்கை ஏற்றுக்கொள்கிறார்களாம், ஒரு மாசத்தில் நாங்கள் நகல் எடுத்து அனுப்பவேண்டும். அந்த ஒரு நாளை மட்டும் நானே திருத்தவேண்டுமாம். மழை இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் சைபர். குப்பியில் சேராத தூத்தல் விழுந்திருந்தால் தூத்தல் என்று எழுதவேண்டும். யாரும் பார்க்கவில்லை என்றால் ஒரு கோடு.

ஐயர் ரெண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் இன்றைக்குக் காலையில் எட்டு மணிக்கு வந்து, ஒரு வருஷமா என்னை ஊர் சிரிக்க விட்டேளே என்றார். ஊர் சிரிக்கலையே சாமி, அழுதுச்சு என்றேன். அவரே நோட்டை எடுத்து அந்தச் சிவப்பு மை எழுத்தை அடித்துவிட்டார். மாமாவுக்கு வேறு கவலை, மிச்சம் இருநூறு கார்டு இருக்கிறதாம், வானம் அழுதது என்பதை வானம் அழப் பார்த்தது என்று பேனாவால் திருத்தினால் கவிதை கெடுமா என்று கேட்கிறார். மாப்பிள்ளை படித்தவர், கேட்டுச் சொல்.

சின்னவனைக் கடல் காற்றில் வெறும் மேலோடு விடாதே. மின்னல் நேரத்தில் ஜன்னலோரம் தையல் மிஷினைத் தொடாதே, உன் அப்பா மகள் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்காதே. வத்தல் இந்தத் தடவை நனையவில்லை, கப்பலில் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன். மாதாவின் காவல் உங்கள் மூன்று பேர் மேலும் இருக்கட்டும், அப்பா அங்கிருந்து உங்களுக்காக வேண்டிக்கொள்கிறார். பதில் போடும்போது அங்கே எந்த மாசம் மழை என்று எழுது, ஐயர் கேட்கச் சொன்னார், மறந்துவிடாதே.

உன் அம்மா
ஆரோக்கியம்

இடம் இருக்கிறது, இன்னும் ரெண்டு வரி. நோட்டு என் மடியில் இருக்கிறது, அந்த நாளுக்கு நேரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை. பத்து வருஷத்தில் அப்பா ஒரு நாளும் கோடு போட்டதில்லை, காய்ச்சலில்கூட என் தோளைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தார், அவர் நாளுக்கு நான் எப்படிக் கோடு போடுவேன். எல்லாரையும் கேட்டுவிட்டேன். வெயில் கொளுத்தித்து என்கிறார் ஐயர். கல்லறைத் தோட்டத்தில் கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது, ஆனால் உள்பக்கமா வெளிப்பக்கமா தெரியாது என்கிறார் மாமா. மொக்கையன் அன்றைக்குக் கல்லை மூடாமல் அடக்கத்துக்கு வந்துவிட்டான், திரும்பிப் போனபோது கல்லெல்லாம் புள்ளி விழுந்திருந்தது, ஆனால் அது அன்றைக்கா மறுநாளா என்று மறந்துவிட்டது என்கிறான். என் சேலை சாயங்காலம் வரைக்கும் ஈரமாக இருந்தது, குடத்துத் தண்ணீர் என்றுதான் நான் நினைத்தேன். தந்தி கிடைத்த அன்றைக்குப் பினாங்கில் மழை கொட்டியது என்று நீ எழுதியிருந்தாய். நீ சொல்கிறதை எழுதிவிடுகிறேன், இங்கே அன்றைக்குத் தூத்தல் விழுந்ததா, வண்டு?