பெரிய வண்டியின் இடது கதவு

செப்டம்பர் 14, ஞாயிறு

மூட்டு வலியால் நான் சின்னச் சிவப்பு எம்ஜி காரை விற்கப்போவதாகத் தேவாலயத்தில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டும் தவறு. என் மூட்டுக்கு ஒன்றுமில்லை. விற்கப்போவது பெரிய வண்டியான சபர்பனை. மாறிப் போகும் புதிய வீட்டில் ஒரு காருக்குத்தான் இடம். பனி உருகச் சாலையில் உப்புப் போட்டு வண்டிகள் துருப்பிடிக்கும் முன் மாறிவிட வேண்டும்.

இதைக் கிளப்பிவிட்டது என் மகள் கொலீன். "எழுபத்தொம்பது வயசுல அவ்ளோ தாழ்வான வண்டியில இருந்து நீ எந்திரிக்கிறதுக்குள்ள பூசையே முடிஞ்சிடும்மா." இன்று அவள் பார்க்க, எதையும் பிடிக்காமல் எழுந்தேன். வலித்தது. அவளிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

நியாயம் பார்க்க வேண்டுமே. இரண்டையும் ஏரியைச் சுற்றி ஒரே பாதையில் ஓட்டினேன். எம்ஜி வளைவை நினைத்தாலே திரும்புகிறது. சபர்பனைத் திருப்ப முன்கூட்டியே விண்ணப்பம் போட வேண்டும். ஆனால் அதில் எட்டுப் பேரும் என் கணவர் ஹரால்டின் நாய்களும் மேலே படகுமாகப் போயிருக்கிறோம்.

சின்னதில் போனால் ஆட்கள் கையசைக்கிறார்கள். பெரியதில் போனால் எதையாவது ஏற்றிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். நாற்பது வருடம் நான் பெரியதை ஓட்டினேன். ஹரால்ட் சின்னதை. அவர் போன பிறகுதான் அதன் சாவி என் கைக்கு வந்தது. எனக்கும் கொஞ்ச நாள் கையசைக்கட்டுமே!

செப்டம்பர் 19, வெள்ளி

சபர்பனுக்கு ஆள் கிடைத்தார். ஹைக்கினன், அறுபது வயதிருக்கும். தொலைபேசியில் மரியாதையாகப் பேசினார். "எதையும் தொடாதீங்க மேடம். இருக்கிறபடியே இருக்கட்டும்." நல்ல வளர்ப்பு. கிழவிக்கு வேலை வைக்க வேண்டாம் என்று நினைக்கிறார்.

செப்டம்பர் 25, வியாழன்

அழுக்கு வண்டியை ஒருவர் கையில் கொடுப்பது என் வழக்கமல்ல. இரண்டு நாள் தேய்த்து மெழுகு பூசினேன். இடது கதவில், எங்களுக்கு முன் வண்டியை வைத்திருந்த பழைய விடுதியின் பெயர் பாதி உரிந்து கிடந்தது. அதையும் சுரண்டி எடுத்து, தடம் தெரியாமல் மெருகேற்றிவிட்டேன். என் பள்ளிக் கன்னிகாஸ்திரீகள் பார்த்தால்கூடக் குறை சொல்ல மாட்டார்கள்.

செப்டம்பர் 27, சனி

ஹைக்கினன் வந்தார். கதவின் முன் நின்றார்.

"எழுத்து எங்கே மேடம்?"

"எடுத்துட்டேன். அசிங்கமா இருந்தது."

வண்ணத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். "எங்கப்பா எழுதினது. விடுதியை இடிச்சாச்சு. இது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. அவருக்கு இப்ப தொண்ணூறு. ஞாயித்துக்கிழமை ஓட்டிட்டுப் போய்க் காட்டலாம்னு இருந்தேன்."

"அதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

அப்படித்தான் சொன்னேன். நான்தான். அவர் குரலை உயர்த்தவில்லை. காபியும் வேண்டாம் என்றார். வண்டியை வாங்காமல் போய்விட்டார்.

அக்டோபர் 2

மன்னிப்புக் கேட்க அவர் எண்ணை அழுத்தினேன். மணி அடிக்கும் முன் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

"பளபளன்னு இருக்கு, நாளைக்கே வேற ஆள் வருவான், விடும்மா," என்கிறாள் கொலீன். வருவான். அவனிடம் என்ன விற்பேன்? ஒரு கிழவரின் கையெழுத்தைச் சுரண்டிய கதவையா?

அப்படியானால் எதை வைத்துக்கொள்வது? இடம் ஒன்றுதானே.

அக்டோபர் 18, சனி

புதிய வீடு. எம்ஜி நேற்றுப் போய்விட்டது. ஒரு பல் மருத்துவர் வாங்கினார். தெருமுனையில் திரும்பும்போது கையசைத்தார். நானும் அசைத்தேன்.

வண்டிக் கொட்டகையில் சபர்பன் நிற்கிறது. முன்னும் பின்னும் ஒரு சாண்தான் மிச்சம்.

இன்று தபாலில் சேர்த்த கடிதத்தின் நகல்:

"அன்புள்ள திரு. ஹைக்கினன்,

தொடாதீர்கள் என்றீர்கள், தொட்டேன். பிறகு பழியையும் உங்கள் மேல் போட்டேன். இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்கிறேன். அழித்த எழுத்தை என்னால் திருப்பித் தர முடியாது. வண்டியை வேறு யாருக்கும் விற்கவில்லை. குளிர்காலம் முழுவதும் உப்புப் படாமல் இங்கே நிற்கும். உங்கள் தந்தைக்குத் தெம்பிருந்தால் ஒரு நாள் அழைத்து வாருங்கள். அந்தக் கதவில் மறுபடி எழுதுவதா, வெறுமனே விடுவதா என்பதை அவரே சொல்லட்டும். வண்டி உங்களுக்குத்தான்.

வருவீர்களா, மாட்டீர்களா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.

வினிஃப்ரெட் கிரெட்டன்"