பாதி ஏரியில் திரும்பிய படகுகள்

அன்புள்ள என்னவருக்கு,

நானும் மகளும் நலம். உங்கள் நலம் எப்படி என்று இந்த முறை கேட்கப் போவதில்லை. கேட்டால் "நலம்" என்று ஒற்றைச் சொல்லில் தப்பித்துவிடுவீர்கள். குனிந்து பெரிய பாத்திரத்தை எடுக்க முடிகிறதா, படுத்தால் தூக்கம் வருகிறதா, கப்பல் ஆடும்போது எதைப் பிடித்துக்கொண்டு சமைக்கிறீர்கள் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. உங்கள் முதுகைப் பார்த்துவிட்டு கம்பெனி டாக்டர் சொன்னது, இந்தப் பயணத்தோடு கப்பல் வேலை முடிந்தது என்பது, எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். கடைசி வரியில், "நான்தான் வந்துடறேனே, இனிமே நீ காலேஜ் கீலேஜ்னு அலைய வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்துத்தான் எழுதியிருப்பீர்கள். இதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் "சரி, ஒண்ணுமில்ல" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் அடுத்த துறைமுகத்து ஆபீசுக்கு இதை அனுப்புகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் அக்கா வந்திருந்தார். கொடியில் காய்ந்த என் டிராக் பேண்ட்டைப் பார்த்து, "இது யாரோடது?" என்றார். என்னுடையதுதான் என்றேன். அண்ணி அதைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இதுல பாக்கெட் இருக்கா?" என்று கேட்டார். இப்போது அவரும் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு காலையில் நடக்கப் போகிறார்.

நம் வாலு பத்தாவதில் நன்றாகத்தான் படிக்கிறாள். எனக்குப் பாடம் சொல்லித்தருவதில் இன்னும் கெட்டிக்காரி. வெளிநாட்டுப் பயணியாகக் கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு என்னை ஆங்கிலத்தில் கேள்வி கேட்பாள். மணிக்கூண்டையும் ஏரியையும் பற்றி நான் மூச்சுப் பிடித்துச் சொல்லி முடித்தால், "அவ்வளவுதானா? அப்ப நான் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தேன்?" என்கிறாள். இவளைச் சமாளித்துவிட்டால் உலகத்தில் எந்தப் பயணியையும் சமாளிக்கலாம்.

நான் என்ன படிக்கிறேன் என்று உங்களுக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. விளையாட்டும் சுற்றுலாவும் என்றதும், பந்து விளையாடுவதும் ஊர் சுற்றுவதும்தான் என்று நீங்கள் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். காலையில் தசை, மூட்டு, முதலுதவி, நீச்சல். மதியம் பயணத் திட்டம், பஸ், அறை, விபத்து நடந்தால் யாருக்கு எந்த வரிசையில் போன் செய்வது என்பது வரை. ஏழு வருஷம் பள்ளி மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுத்தேன். வேலை என்று ஒன்று வந்தபோது, "உங்ககிட்ட சர்டிபிகேட் இல்லையேம்மா" என்று வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு நான் உங்களிடம் தலைவலி என்று மட்டும்தான் சொன்னேன்.

வகுப்பில் இருபத்தாறு பேர். முதல் நாள் என்னை ஆசிரியை என்று நினைத்து எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் உட்காரச் சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

போன மாதம் இறுதிச் செய்முறைத் தேர்வு. பஸ்ஸில் நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கும் பெரிய ஏரியில். நிஜமான பயணிகள் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு துடுப்போடு இரண்டிரண்டு பேராக ஆறு படகுகள். நடுவில் இருக்கும் தீவு வரை நான் தனிப் படகில் கூட்டிப்போய்த் திரும்பிவர வேண்டும். எங்கள் விரிவுரையாளரும், படகு நிலையத்தின் மேனேஜரம்மாவும் மோட்டார் படகில் பின்னாலேயே வந்தார்கள்.

இரண்டாவது படகில் ஒரு கணவன் மனைவி. அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கிளம்பியதிலிருந்து, அது என்ன பறவை, இது எவ்வளவு ஆழம் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், பாதி ஏரியில் பேச்சை நிறுத்திவிட்டார். என் படகை ஒட்டினாற்போல் விட்டு, "என்னம்மா, முடியுதா?" என்றேன். "ஒண்ணுமில்ல, போலாம்" என்றார். கணவரும், "அவளுக்கு ஒண்ணுமில்ல, நீங்க போங்க" என்றார். ஆனால் துடுப்பு அந்த அம்மாவின் மடியில் கிடந்தது. உதடு வெளுத்திருந்தது. தீவு கண்ணெதிரே, பத்து நிமிடத் தூரம்தான். நான் விசிலடித்து ஆறு படகையும் திருப்பினேன்.

கரை வரைக்கும் வசவுதான். "இவ்வளவு கிட்ட வந்துட்டு யாராவது திருப்புவாங்களா?" என்று ஒருவர் என் காதுபடவே கேட்டார். கரையில் நர்ஸ் சோதித்தால், நாடித் துடிப்பு சரி, இரத்த அழுத்தம் சரி. அந்த அம்மா காலையில் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். இரண்டு பிஸ்கட் தின்றதும் தெளிந்து உட்கார்ந்து, "உங்களால தீவைப் பார்க்காம போறேன்" என்று என்னிடமே குறைபட்டுக்கொண்டார். பயணம் முழுமையாகவில்லை என்று விரிவுரையாளர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். உடை மாற்றும் அறையில் ஈரத் தலையோடு உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

அங்கே மேனேஜரம்மா வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "அவங்களுக்கு ஒண்ணுமில்லாமப் போனது நல்லது. ஆனா ஒண்ணுமில்லன்னு சொன்னா உடனே நம்பிடாத ஆள்தான் எனக்கு வேணும். ஆறு மாசப் பயிற்சிக்கு இங்கயே வர்றீங்களா? சரியா வந்தா வேலையும் இங்கதான்" என்றார்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்களைக் கேட்கவில்லை. மறுநாளே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அப்போது உங்கள் கடிதம் வந்திருக்கவில்லை. வந்த பிறகும், வேண்டாம் என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் அவகாசம் இருந்தது. சொல்லவில்லை. கோபம் இருந்தால் எழுதுங்கள், படிக்கிறேன்.

போனில் நீங்கள் மூன்று முறை "ஒண்ணுமில்ல" என்றதையும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். பதினேழு வருஷம் முப்பது பேருக்கு வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டவர், இனி என்ன செய்வேன் என்று படுக்கையில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாதா? முதுகுக்கு வெறும் ஓய்வு மட்டும் போதாது என்று வகுப்பில் படித்தேன். எங்கள் பயிற்சியாளரிடம் கேட்டு ஆறு பயிற்சிகள் எழுதி வாங்கியிருக்கிறேன். வந்ததும் நம் டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடங்கலாம். பக்கத்தில் நானும் பாயைப் போட்டுச் செய்கிறேன்.

இந்தத் தொழிலில் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அள்ளும். அதனால் எனக்கு விடுமுறை செவ்வாய். திங்கள் மாலை வந்து, புதன் விடியற்காலை பஸ்ஸில் போய்விடுவேன். மற்ற நாட்களில் நீங்களும் மகளும்தான். அவள் பிறந்து பதினைந்து வருஷத்தில் நீங்கள் இருவரும் சேர்ந்தாற்போல் இரண்டு மாதத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்ததில்லை. கப்பலில் முப்பது பேரும் போட்டதைச் சாப்பிட்டிருப்பார்கள். இவள் அப்படி இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஏரிக்கு வாருங்கள். நீங்கள் தண்ணீர்மேல் எத்தனையோ வருஷம் இருந்தவர். நான் படகு ஓட்டி நீங்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஒன்றாம் தேதி நான் வேலையில் சேர வேண்டும். உங்கள் கப்பல் ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை. முதல் வாரத்தில் லீவு கேட்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் நான் துறைமுகத்துக்கு வராமல் இருப்பது இதுதான் முதல் தடவை. இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில் நான் நிற்கும் இடத்தில் மகள் நிற்பாள், அண்ணியும் கூட வருவார். மகள் இப்போது என் உயரம். தூரத்திலிருந்து பார்த்து நான்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டியை நீங்கள் தூக்க வேண்டாம், அவளிடம் கொடுங்கள்.

எட்டாம் தேதி திங்கட்கிழமை. என் பஸ் மாலை ஆறரைக்கு வந்து சேரும். அன்று முதுகு ஒத்துழைத்தால், மெதுவாக நடந்து பஸ் நிலையம் வரை வாருங்கள். வெளியூரிலிருந்து நான் வந்து இறங்கும்போது எனக்காக யாரும் இதுவரை காத்து நின்றதில்லை.

நல்லபடியாகக் கரை சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் மனைவி