ஆம்பூர் ஸ்டேஷனில் அமிர்தவள்ளி சொன்னது

ஆம்பூர்,
பிரபவ வருஷம், ஆனி மாதம்.

ரங்கூனில் இருக்கும் என் மூத்த மகன் ரத்தினசாமிக்கு உன் தாய் பச்சையம்மாள் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே உன் மகள் கமலமும் தம்பி சுப்பராயனும் அவன் பெண்சாதி பிள்ளைகளும் நானும் கறவை மாடும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் கடலுக்கு அப்பால் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க கெங்கையம்மன் பார்த்துக்கொள்ளட்டும். மழை, மாடு, வயிற்றுவலி எல்லாம் பிறகு. உலை கொதிக்கிறது, அதைக் கமலத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், இரண்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இப்படித்தான் இருக்கும், கூட்டிப் படித்துக்கொள். நேற்று ஆற்றில் பூவாடை அழைத்தோம். நீ கேட்கச் சொன்னதைக் கேட்டுவிட்டேன்.

கமலத்துக்கு வாணியம்பாடி மாப்பிள்ளை என்றதும் சரி என்று எழுதினாய், சந்தோஷம். அதற்கு மேல் இரண்டு பக்கம் எழுதினாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பரிசம் போடும் முன்னே வீட்டில் செத்துப்போன சுமங்கலியை ஆற்றங்கரையில் பூவாடையாக அழைத்து உத்தரவு கேட்பது நம் வழக்கம், இந்தத் தடவை அழைக்க வேண்டியது பெண்ணைப் பெற்றவளை, உன் அமிர்தவள்ளியை. அதற்கு நீ என்ன எழுதினாய், இதெல்லாம் குருட்டு நம்பிக்கை, நம்புவது வேறு அறிவது வேறு, சோதித்து அறிந்ததுதான் ஞானம் என்று உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருவர் பேசினார் என்று. சரி அப்பா. அவர் சொன்னதை நீ சோதித்தாயா, இல்லை நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னார் என்று நம்பினாயா. கடைசியில் ஒரு பந்தயம் வேறு வைத்தாய், நான் ரயில் ஏறிய அன்று அமிர்தவள்ளி என்னிடம் ஒன்று சொன்னாள், எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது, வருகிறவள் அவள்தான் என்றால் அதைச் சொல்லட்டும், சொன்னால் கப்பல் ஏறிக் கல்யாணத்துக்கு வருகிறேன், சொல்லாவிட்டால் சுப்பராயனை வைத்தே முடியுங்கள் என்று. நான் படிக்கப் படிக்கக் கமலம் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். மாடு அப்போதுதான் குடித்திருந்தது. பக்கத்து வீட்டு பக்ருன்னிசா கேட்டுவிட்டு, "இன்னா அக்கா, உம் பையன் கோர்ட்டு மாதிரி பேசறான், பெத்த பொண்ணைப் பாக்க வர்றதுக்கு சாட்சி கேக்குறானா" என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை. ஆனாலும் கேட்பது என்று முடிவு செய்தேன்.

ஏன் தெரியுமா, உன் கூட்டத்துக்காரரைவிட நான் ஜாஸ்தி சந்தேகக்காரி. பூவாடைக்காரி வந்தாள் என்று யாராவது ஆடினால் நாங்கள் கும்பிட்டுக்கொண்டு நின்றுவிடுகிறோமா. வகைக்கு ஒன்றாகப் பூவை இலையில் பொட்டலம் கட்டி வரிசையாக வைப்போம், வீட்டுப் பெரியவள் ஒரு பூவை நினைத்துப் பம்பைக்காரன் காதில் மட்டும் சொல்வாள், சாமி வந்தவர் அந்தப் பொட்டலத்தையே எடுத்தால்தான் மேற்கொண்டு பேச்சு. இதில் ஓட்டை எங்கே என்று எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். பம்பைக்காரன் கன்னியப்பன் வாலாஜாபேட்டைக்குப் போனால் உன் அத்தை எல்லம்மா வீட்டில்தான் கை நனைக்கிறான். சுப்பராயன் கல்யாணத்தில் எல்லம்மா என் மாமியாராக வந்து ஆடினாள், தொட்ட கையிலேயே சரியான பொட்டலம், பிறகு ஊரே பார்க்க "சாவும்போது ஒரு வாய் தண்ணி குடுக்காத மருமவதான நீ" என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டாள். தண்ணீர் கொடுத்தது நான், மலம் எடுத்தது நான், பெற்ற மகள் எல்லம்மா வந்தது பிணம் எடுக்கும்போது. அந்தச் சாமி மாம்பழக் கலரில் ஆரணிப் பட்டும் கேட்டது, கொடுத்தோம், அடுத்த பொங்கலுக்கு அதை எல்லம்மா கட்டிக்கொண்டு கடைத்தெருவில் நடந்ததை எதிர்வீட்டு அன்னம்மாள் பார்த்து வந்து சொன்னாள். எல்லாரும் மறந்தார்கள். நான் மறக்கிறவள் இல்லை.

ஆகவே நேற்று என்ன செய்தேன், யாரிடமும் சொல்லாமல் கொல்லையோரம் ஒரு கொத்து ஆவாரம்பூ பறித்து மடியில் முடிந்துகொண்டேன். பொட்டலத்தில் இருந்தது முல்லை, அரளி, சாமந்தி, கனகாம்பரம்தான், நான் நினைத்த ஆவாரை கிடையாது. கன்னியப்பன் காதில் சாமந்தி என்று பொய் சொன்னேன். பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, செம்பில் தண்ணீர் மொண்டு, விளக்கேற்றி, அவன் பம்பையை அடிக்கத் தொடங்கினான். எல்லம்மா தலைமயிரை அவிழ்த்துவிட்டு ஆடினாள், நேராகப் போய்ச் சாமந்திப் பொட்டலத்தை எடுத்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவேன். நான் நினைத்தது அது இல்லை என்றேன். கன்னியப்பன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை போதும், கூட்டம் முழுக்க அவனைப் பார்த்தது. எல்லம்மா "உம் மனசு சுத்தமில்ல, அதான் அம்மன் தடுமாறுது" என்றாள். "தடுமாறல, சொல்லிக் குடுத்த எடத்துக்கு ஒழுங்காத்தான் போச்சு" என்றேன். பம்பை நின்றுவிட்டது. எல்லாரும் கலைய எழுந்தார்கள், மாப்பிள்ளை வீட்டுக்காரர் செருப்பைத் தேடினார், கமலம் என் பக்கம் பார்க்கவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, எல்லம்மாவைப் பிடிக்கிற அவசரத்தில் உன்னை வரவழைக்கிற வழியை நானே அடைத்துவிட்டேன் என்று.

அந்த நேரம் சுப்பராயன் நடந்து வந்தான். உனக்குத் தெரியும், நாள் முழுக்கத் தோல் மண்டியில் ஆவாரம்பட்டை சுமக்கிற உடம்பு, நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசமாட்டான், விளக்குக்குக் காற்றுப் படாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன். அந்தத் துண்டை முந்தானை மாதிரி இழுத்து இடுப்பில் செருகினான், அமிர்தவள்ளி இடது பக்கம் செருகுவாளே அப்படியே. சின்னச் சின்ன அடியாக வந்து என் எதிரில் நின்று, "இன்னா அத்தே, மடியில முடிஞ்சு வச்சுக்கினு ஊரையே தேட வுடறியே" என்றான். பெற்ற பிள்ளை என்னை அத்தே என்கிறான். முடிச்சை அவிழ்த்துப் பூவைக் கொடுத்தேன், காதோரம் வைத்துக்கொண்டான். ஆனாலும் மயங்கிவிட்டேன் என்று நினைக்காதே. நான் பறிக்கும்போது அவன் பார்த்திருக்கலாம், அண்ணி நடையும் அவனுக்குத் தெரிந்ததுதான், ஆகவே பூவையும் நடையையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. உன் புருஷன் கேட்கிறான், ஸ்டேஷனில் அவனிடம் என்ன சொன்னாய், சொல் என்றேன். "அய்யய்யே, இத்தினி ஜனம் எதிர்ல அத்தச் சொல்றதா, மானம் போய்டும்" என்று தலையைக் குனிந்தாள். அவள் என்றுதான் கை எழுதுகிறது, பார். பிறகு "பாப்பா, இங்க வா" என்று கமலத்தைக் கூப்பிட்டு, அவள் காதில் மட்டும் சொன்னாள். கமலம் சிரித்தாள் ரத்தினசாமி. வாயைப் பொத்திக்கொண்டும் அடங்காமல் சிரித்தாள், சிரித்து முடித்துத்தான் அழுதாள். "கட்டிக் குடுங்க" என்று ஒரு சொல், அவ்வளவுதான், சுப்பராயன் மணலில் சாய்ந்தான், தண்ணீர் தெளித்ததும் எழுந்து எல்லாரும் ஏன் என்னையே பார்க்கிறீர்கள் என்றான். இன்றைக்கு மண்டியில் அவனை அண்ணி, அண்ணி என்று கூப்பிடுகிறார்களாம், சோறுகூட எடுத்துப் போகாமல் ஓடினான்.

அது என்ன வார்த்தை என்று கமலத்தைக் கெஞ்சிக் கேட்டேன், அதட்டியும் கேட்டேன். "அப்பா வந்தா அப்பாகிட்ட சொல்றேன் ஆயா, உங்கிட்ட மாட்டேன்" என்கிறாள். நான் பல் தேய்த்துவிட்டு வளர்த்த பெண், இதையும் நான் மறக்கப்போவதில்லை. ஆனால் உனக்காக எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். சுப்பராயன் அன்று ஸ்டேஷனுக்கே வரவில்லை, மலைக்காய்ச்சலில் படுத்திருந்தான். கமலம் என் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்த்தொட்டிப் பக்கம் நின்றாள், நான் அவளை விடவில்லை. அமிர்தவள்ளி பச்சைக் கண்டாங்கி கட்டியிருந்தாள், ஜன்னலில் எக்கிப் பேசினாள், அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது, உன் முகத்தை எவனோ வைத்த மூட்டை மறைத்தது, இஞ்சின் கத்தலில் ஒன்றும் கேட்கவில்லை. வீடு வரை அழுதுகொண்டே வந்தாள். ஆகவே சீக்கிரம் வந்துவிடு என்கிற மாதிரி ஏதோ சொல்லியிருப்பாள் என்றுதான் இந்த வீட்டில் அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கமலம் தானாகக் கதை கட்டிவிட்டாள் என்று நீ சொல்வாய், நானும் ராத்திரி அப்படி நினைத்தேன். கட்டுகிறவள் அழுகிற வார்த்தையாகத்தானே கட்டுவாள், சிரிக்கத் தோன்றுமா.

எல்லம்மாவுக்கு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். சுப்பராயனுக்கு வந்தது அமிர்தவள்ளி என்று நான் நம்புகிறேன். கமலம் சிரித்ததை என் கண்ணால் பார்த்தேன். இந்த மூன்றையும் நான் ஒன்றோடொன்று கலக்கவில்லை, நீயும் கலக்காதே, உன் கூட்டத்துக்காரரிடமும் இப்படியே சொல். மிச்சம் இருப்பது உன்னிடம்தான். அவள் அன்று சொன்னது அழ வேண்டிய வார்த்தை என்றால் இதைக் கிழித்துப் போடு, நான் ஏமாந்தவள் என்று எழுது, ஒத்துக்கொள்கிறேன். சிரிக்கிற வார்த்தை என்றால் உனக்குச் சோதனை முடிந்துவிட்டது, ஆவணி முகூர்த்தத்துக்குள் வந்து சேர். அவள் சாவுக்கு நீ வரவில்லை, அவள் இல்லாத வீட்டைப் பார்க்க மனசில்லை என்று எனக்குத் தெரியும், அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை.

கெங்கையம்மன் உனக்கு நீண்ட ஆயுசும் நடுக்கடலில் அடங்கின காற்றும் தரட்டும். கப்பலில் புளித்த தயிர் சாப்பிடாதே, உனக்குச் சளி பிடிக்கும். எந்த வண்டியில் இறங்குகிறாய் என்று மறக்காமல் முன்னாலேயே எழுது, கமலம் ஸ்டேஷனுக்கு வருவாள், அங்கேயே உன் காதில் சொல்லிவிடுகிறாளாம். நான் போன தடவை நின்ற இடத்திலேயே, தண்ணீர்த்தொட்டிப் பக்கம் தள்ளி நின்றுகொள்கிறேன். எனக்கு ஒன்றும் கேட்காது, உன் முகம் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
பச்சையம்மாள்.