வேலிகாத்தான் வெட்டிய கரை

மார்ச் 13, 2005

வேலிகாத்தான் மறுபடியும் துளிர்த்துவிட்டது. போன வாரம் வெட்டிய அதே இடத்தில். அதற்கு மட்டும் சலிப்பே கிடையாது போல.

எங்கள் மகளிர் குழு இந்த ஏரிக்கரையின் சீமைக்கருவேல முள்காட்டை வெட்டி, புங்கன், நாவல், நீர்மருது என்று இந்த மண்ணின் மரங்களை வைத்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஆரம்பத்தில் குழுவே திரண்டு வந்தது, போட்டோ கூட எடுத்தோம். இப்போது நானும் ஆதிலட்சுமியும்தான். இன்று அவளுக்கும் முதுகுவலி. என் முதுகு என்ன இரும்பா?

வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கரைக்குக் கீழே உள்ள திடலில்தான் ஊர் நெசவாளர்கள் பாவு எனும் நீளவாட்டுப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்துக் காயவைப்பார்கள். முன்பு வேலிகாத்தான் நிழல் இருந்தது. இப்போது வெயில் நேராக அடித்து, கஞ்சி சட்டென்று இறுகி, இழை அறுகிறது. இன்று அவர் பாவில் ஒரு பிடி இழை போயிற்று.

"உன் புங்கமரம் எப்போ நிழல் குடுக்கும்? பேரன் கல்யாணத்துக்கா?" என்றார். பையனுக்கே இன்னும் பெண் பார்க்கவில்லை.

மே 1

கிராம சபை. தலைவர் மணவாளன் கரைப் பேச்சை எடுத்தார். "செடிங்க வளர்ற மாதிரி தெரில. வேலிகாத்தானையே உட்டா கரி மூட்டம் போடறவங்க ஏலம் எடுப்பாங்க, ஊருக்கு வருமானம். நெசவு செய்றவங்களுக்கும் நிழலு. வேணுங்கறவங்க கை தூக்குங்க."

முதலில் தூக்கியது என் வீட்டுக்காரர். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தூக்கினார்கள்.

தலைவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "சரிம்மா கற்பகம், ஜனவரி சபை வரைக்கும் பாக்கறேன். அப்பவும் ஜனங்க இதையே சொன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

ஊரே பார்க்க. சொந்தப் புருஷன்.

மே 2

சோறு போட்டேன். பேசவில்லை.

மே 5

அவராகத்தான் பேச்சை ஆரம்பித்தார். "இன்னா பண்ணச் சொல்ற? அம்மாம் பேர் முன்னால பொய் சொல்லணுமா? பாவு அறுந்துகினே கீது, பேஜாராகீது. அதான் தூக்கினேன்."

உண்மைதான். அதுதான் எரிச்சலாக இருக்கிறது. அவர் வேண்டுமென்று செய்திருந்தால் நான்கு நாளைக்குச் சண்டை போட்டிருக்கலாம்.

ஜூலை 20

ஐயோ, எல்லாம் போச்சு. ஒரு வரிசை முழுக்க. நாவல், மருது எதுலயும் ஒரு இலை இல்ல, குச்சிதான் நிக்குது. எத்தன குடம் தூக்கினேன்! இந்தக் கை தூக்கினது தானே! யார் குடியைக் கெடுத்தேன் நான்?

காலையில் போனபோது ஊர் ஆடுகள் மொத்தமும் அங்கேதான். செடிகளின் அடியிலிருந்து புளித்த வாடை. குனிந்து தொட்டால் பிசுபிசுவென்று அரிசிக் கஞ்சி.

வீட்டுக்கு வந்து, பாவுக்குத் தெளித்த கஞ்சியை யார் கரையில் கொட்டியது என்று கேட்டேன். இவர் நெசவுக்குழியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"மிச்சம் வீணாப் போவுதேன்னு நான்தான் ஊத்தினேன். நீ தண்ணி தூக்கிகினு அல்லாடறியே... இலைக்கும் தெளிச்சு உட்டேன், பாவுக்குத் தெளிக்கிற மாதிரி. சத்துன்னு நெனச்சேன்."

இலைக்கும் கஞ்சி போட்டிருக்கிறார்! ஆடு சும்மா விடுமா? வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே இருந்தவள் சிரித்துவிட்டேன், பிறகு அழுதேன். அவர் தறியைத் தொடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 7

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, ஆடு மேய்ந்த வரிசையைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார். வேலிகாத்தான் முள்ளை வெட்டியே போட்டிருக்கிறார். கையெல்லாம் கீறல். முள் கீறிய விரல் பட்டு நூலில் பட்டால் சிக்கும், இரண்டு நாள் தறியில் உட்கார முடியாது. மஞ்சள் அரைத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 4

ஆதிலட்சுமி இனி வரமாட்டாளாம். நியாயம்தான். எனக்கும் ஓய்ந்துவிட்டது. யாராவது "போதும், விடு" என்று சொன்னால் இன்றே விட்டுவிடுவேன். ஒருவரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

நவம்பர் 27

விடாத மழை. ஏரி நிரம்பிவிட்டது. மழை விட்ட இடைவெளியில் போய்ப் பார்த்தேன். கரை முழுக்க வேலிகாத்தான் கன்று, கீரை விதைத்த மாதிரி. உட்கார்ந்துவிட்டேன். எத்தனை ஜென்மத்துக்குப் பிடுங்குவது?

இவர் போட்ட வேலிக்குள் மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. ஆடு மேய்ந்த குச்சிகள் அடியிலிருந்து தழைத்திருக்கின்றன. நடுநடுவே ஆவாரை, காரை, நொச்சி. அவற்றை யாரும் வைக்கவில்லை. இவ்வளவு நாள் மண்ணுக்குள் எங்கே இருந்தனவோ.

டிசம்பர் 18

திடலுக்குச் சோறு கொண்டுபோனேன். மேல்கரைப் புங்கன்கள் ஆள் உயரம் தாண்டிவிட்டன. பாவைக் கட்டிவிட்டு இவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பாதிப் பாவுக்கு நிழல் வுழுது" என்றார். மீதிப் பாதியைப் பற்றி நானும் கேட்கவில்லை.

ஜனவரி 26, 2006

சபைக்குப் போகவில்லை. போன தடவை பார்த்ததே போதும். ஏலம் விட்டால் விடட்டும் என்று காலையிலேயே கரைக்கு வந்து, வழக்கம்போல வேலிகாத்தான் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். நாளைக்கு இந்தக் கரை யாருடையதோ, எதற்குப் பிடுங்குகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

வெயில் ஏறியபின் மண்ணில் செருப்புச் சத்தம். இவரும் பாவுத் திடல்காரர்கள் நான்கைந்து பேரும். சபையிலிருந்து நேராக வருகிறார்கள். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் குந்தினார்.

"ஏலத்துக்கு ஒருத்தரும் கை தூக்கல. எத்த உடணும், எத்தப் புடுங்கணும்? எல்லாம் ஒரே மாதிரி கீதே. ஜல்தி சொல்லு, மதியானம் பாவு கீது."

சொல்லிக்கொடுத்தேன். மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் குந்தினார்கள். மண்ணோடு வேர் பிடுங்கும் சத்தம்தான் கேட்டது.

இவர் நான்காவதாகப் பிடுங்கியது வன்னிக் கன்று. இந்த மண்ணின் மரம்தான், ஆனால் கிட்டத்தட்ட வேலிகாத்தான் இலை, யாரானாலும் ஏமாறுவார்கள். அவர் கையிலிருந்து வாங்கி, அதே குழியில் வைத்து மண்ணை மிதித்தேன்.