சூசைக்குக் கடல் ஆகாது

14.8.2011, ஞாயிறு
சிதம்பரத்தில் மகள் இசைவாணி வீட்டில் இருக்கிறேன். கம்ப்யூட்டரில் தம்பி மூஞ்சியைப் பார்க்கலாம் என்று பஸ் ஏற்றிக் கூட்டி வந்தாள். தெரிந்தது, பாதி மூஞ்சி. சவரியம்மாள் கம்ப்யூட்டருக்குச் சிலுவை போட்டாள்.

"அதுக்கென்னாடி காய்ச்சலா?" என்றேன். கட்டின புருஷன் என்றும் பார்க்காமல் கிள்ளினாள்.

என் மகன் சூசைராஜ் சாமியாராகி ஒரு வருஷம். சாலமன் தீவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பேர் என்னவோ ராஜா பேர், அவன் ஊரில் கரண்டு கிடையாது; எங்களிடம் பேசவே டவுனுக்கு வந்தானாம். ஊருக்கு ஊர் படகில் போய்த்தான் பூசை வைக்கணுமாம்.

படகு! சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. நான் கடலூர்க் கடலில் காலமெல்லாம் மீன் பிடித்தவன். என் மகன் படகில் காலை வைத்தால் குடலே வெளியே வரும். கடலுக்குப் பயந்துதான் படிப்பு படிப்பு என்று ஓடினான். ஆண்டவர் விடுவாரா?

"என்னா சாமி, படகுல பூசையா, வாந்தியா?"

"ரெண்டுந்தாம்பா."

15.8.2011
வாந்திச் சாமியார். பேர் நல்லாத்தான் இருக்கு.

25.9.2011
சூசை போன் பண்ணினான். குரலே சரியில்லை. ஒரு கிழவர் சாகக் கிடந்தாராம், கடைசி மந்திரிப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாதி வழியில் இவனுக்குத் தலை தூக்க முடியாமல் படகை வேறொரு கரையில் ஒதுக்கினார்களாம். போய்ச் சேர்வதற்குள் கிழவர் போய்விட்டார்.

"பெரிய சாமியார் கிறிஸ்மஸ் வரைக்கும் பாருன்னாருப்பா. முடியலன்னா ஊருக்கே அனுப்பிடுவாங்க."

ஐயோ பாவம் என்று வாய் சொன்னது. மனசு குதித்தது. வந்துடுவான்!

எனக்கு மருந்து தெரியும். கடலுக்குப் போற எவனுக்கும் தெரியும். படகை ஓட்டுறவனுக்கு வாந்தி வராது. சும்மா உட்கார்ந்து வருகிறவனுக்குத்தான் வரும். இவனை நான் எப்போதும் நடுவில் வலை மூட்டை மாதிரி உட்கார வைத்துத்தான் கூட்டிப் போனேன்.

சொல்ல மாட்டேன். சொன்னா அங்கயே தங்கிடுவான்.

16.10.2011
சவரி அவன் கட்டிலைத் தட்டிப் போட்டு, புதுப் போர்வை விரித்துவிட்டாள். "திருப்பாதிரிப்புலியூர் பக்கமா ஒரு கோயில் குடுத்தாங்கன்னா ஞாயித்துக்கெழம சோத்துக்கு வந்துடுவான்" என்கிறாள். நான் வாயே திறக்கவில்லை. எனக்கு இது எவ்வளவு கஷ்டம்!

6.11.2011
"என்னா வாந்திச் சாமி?" என்றேன். சிரிக்கல.

"ஒரு பச்சப்புள்ளைக்கு ஞானஸ்நானம்பா. படகுல போக எனக்கு முடியாதுன்னு தெரிஞ்சி, மழையில அவுங்களே புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட வந்தாங்க." அழுவுறான். வளந்த புள்ள, சாமியாரு, தேம்பித் தேம்பி அழுவுறான்.

நான் என்னா பண்ணுவேன்? வந்துட்டுது வாயில.

"டேய், மூட்ட மாதிரி ஏன்டா குந்திக்கினு போற? மிஷின் கைப்பிடிய வாங்கி நீயே ஓட்டு. எட்டத்துல கரையப் பாத்து ஓட்டு. ஓட்டுறவனுக்கு வாந்தி வராது."

மூக்கை உறிஞ்சினான். அப்புறம், "இத்தினி நாளா ஏம்பா சொல்லல?"

"நீ கேட்டியா?" போனை வைத்துவிட்டேன்.

சவரி பார்த்துக்கொண்டே நின்றாள். "தெரிஞ்சேதான் சொன்னியாய்யா?"

"வாய் தவறிட்டுதுடி."

தவறிச்சா? தெரியலையே.

7.11.2011
காப்பியில் சர்க்கரை இல்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

25.12.2011
கிறிஸ்மஸ். போன் வரவில்லை. கட்டிலில் போர்வை மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. இன்னும் அதே காப்பிதான்.

1.1.2012
முந்தாநாள் 'தானே' புயல் அடித்தது. ஓடு பாதி பறந்துவிட்டது. கரண்டு இல்லை, போனும் செத்துக் கிடக்கிறது. இப்போ சாலமன் தீவும் கடலூரும் ஒண்ணு.

15.1.2012
இன்றைக்குத்தான் லைன் கிடைத்தது.

"அம்மா எப்படிப்பா இருக்கு? நான் கெளம்பி வந்துடட்டா?"

பின்னாலே டபடபவென்று சத்தம். எனக்கா தெரியாது?

"வந்து என்னா பண்ணுவ, ஓடு மாத்துவியா? நீ எங்கடா இருக்க?"

"படகுலப்பா. இப்பதான் கரைய விட்டுக் கெளம்புறோம். நாந்தான் ஓட்டுறேன்."

"வாந்தி?"

"முன்ன ஓட்டுனது எங்க கோயில் உபதேசியார்தான். கைப்பிடிய நான் வாங்குனதுலேருந்து அவருக்கு வருதுப்பா!"

சிரித்தோம். போனுக்குக் காதைக் கொடுத்து சவரியும் சிரித்தாள்.

"பேசாம பூசையப் பாரு சாமி" என்றேன். சாமி என்று கேலி இல்லாமல் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

16.1.2012
புயலில் வீடு விழுந்த தில்லையம்மாளுக்கு சூசை கட்டிலை சவரியே கொடுத்துவிட்டாள், புதுப் போர்வையோடு.

காப்பியில் சர்க்கரை. ஜாஸ்தியாவே இருந்தது.